பத்தொன்பது அட்டாச்மென்டுகளும் காணாமல் போன அளவுப் பட்டியலும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சில அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்வது என் தொழில். பிரின்டரில் தாள் சிக்கினாலும் அழைப்பார்கள், இன்டர்நெட் நின்றாலும் அழைப்பார்கள். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் வந்த அழைப்பு வேறு மாதிரி இருந்தது. பேசியவர் ஓர் அலுவலகத்தின் முதலாளி.

"தம்பி, நம் மெயிலில் அட்டாச்மென்ட் போவதில்லையாம். ஜெர்மனிக்காரர் அளவுப் பட்டியல் வரவில்லை என்று இரண்டு நாளாகச் சொல்கிறார். இங்கே மெர்ச்சண்டைசர் அனுப்பிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார். கட்டிங் மேசையில் துணி விரித்தபடி கிடக்கிறது."

துணி விரித்தபடி கிடப்பது என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாம்பிளைப் போட்டுப் பார்த்த வாங்குபவர் கழுத்துத் திறப்பு அரை சென்டிமீட்டர் கூடுதல் என்று சொல்லியிருந்தார். திருத்திய அளவுப் பட்டியலை அனுப்பி, 'சரி' என்று ஒரு வரி பதில் வாங்கிய பிறகுதான் கத்தரி ஓட வேண்டும். வெட்டிய கழுத்தை யாரும் சிறிதாக்க முடியாது.

அலுவலகத்துக்குப் போய் மெர்ச்சண்டைசரின் (வாங்குபவர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிப்பவர்) கணினியைத் திறந்தேன். அனுப்பிய மெயில்களில் அது இருந்தது, எக்செல் கோப்பும் அதனுடன் இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் "இப்போதாவது நம்புகிறீர்களா சார்?" என்ற கேள்வி இருந்தது. அவர் சொன்னது உண்மை. ஆனால் ஜெர்மனிக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அவர் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பச் சொன்னோம். வந்தது. அவர்கள் நிறுவனத்தில் சப்ளையர்களின் மெயில்கள் நேராக ஓர் ஆளுக்குப் போவதில்லை. ஒரு பொது முகவரிக்குப் போய், அங்கே ஒரு மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வரிசையில் வைக்கிறது. அந்த மென்பொருளின் திரையில் எங்கள் மெயிலுக்குக் கீழே அட்டாச்மென்ட் பட்டியல்: இமேஜ்001, இமேஜ்002, இமேஜ்003 என்று பத்து பெயர்கள். அதற்குக் கீழே சிறிய சாம்பல் எழுத்தில் 'மேலும் 9'. அந்த ஒன்பதில் கடைசியாக, மொத்தப் பட்டியலில் பத்தொன்பதாவதாக உட்கார்ந்திருந்தது அளவுப் பட்டியல். மற்ற பதினெட்டும் கையொப்பப் படங்கள், அதாவது மெயிலின் அடியில் பெயர், முகவரியோடு தானாக ஒட்டிக்கொள்ளும் பகுதியின் படங்கள்.

இரண்டு நாளாக ஒரு மனிதர் லோகோக்களைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார். பிறகு சலித்துப்போய் 'வரவில்லை' என்று எழுதிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பதினெட்டு படங்கள் எங்கிருந்து வந்தன

அந்த அலுவலகத்தின் கையொப்பம் பார்க்க அழகாகவே இருந்தது. மேலே நிறுவனத்தின் லோகோ, கீழே வரிசையாக நான்கு சான்றிதழ்ச் சின்னங்கள். இயற்கைப் பருத்திக்கு காட்ஸ், ரசாயனச் சோதனைக்கு ஓகோ-டெக்ஸ் என்று. ஏற்றுமதி அலுவலகங்களில் இது ஒரு கௌரவம். நெற்றியில் விபூதிப் பட்டை மாதிரி, பார்த்த உடனே தெரிய வேண்டும். (அந்தச் சின்னங்களை எங்கே எப்படிப் போடலாம் என்பதற்குச் சான்றளிக்கும் அமைப்புகள் தனி விதிகள் வைத்திருக்கின்றன. கையொப்பத்தில் ஒட்டுவதற்கு முன் அதைப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை.)

ஆக, ஒரு மெயிலுக்கு ஐந்து படங்கள். பேச்சு நீண்டு பதில்மேல் பதில் போகும்போது, பழைய மெயில்கள் கீழே தொங்கிக்கொண்டே வருகின்றன. அவற்றோடு அவற்றின் கையொப்பங்கள், கையொப்பங்களோடு படங்கள். மூன்றாம் பதிலிலேயே எண்ணிக்கை பத்தைத் தாண்டிவிட்டது. எதிர்ப்பக்கத்தினரின் படங்களும் கலந்திருந்தன. லோகோ கோப்புக்கு நீங்கள் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் அவுட்லுக் அதை இமேஜ்001, இமேஜ்002 என்று மாற்றித்தான் அனுப்புகிறது. எனவே பெயரைப் பார்த்து, 'இது வெறும் லோகோ' என்று ஒதுக்கவும் வாசிப்பவரால் முடியாது.

எடையும் சும்மா இல்லை. லோகோவை முதலாளியின் உறவுக்காரப் பையன் ஒருவர் வடிவமைத்துக் கொடுத்திருந்தார். 2400 பிக்சல் அகலம், 210 கேபி. கையொப்பத்தில் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கியிருந்தார்கள். இழுத்தால் கண்ணுக்குத்தான் சிறியதாகும், கோப்பு அதே கனத்தோடு இருக்கும். சான்றிதழ்ச் சின்னங்கள் நான்கும் சேர்ந்து 180 கேபி. மொத்தம் 390. ஆனால் மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை மட்டுமே சுமக்கும் வண்டி. படத்தை ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்தாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பேஸ்64 என்று இதற்குப் பெயர். 390 கேபி அங்கே 520 ஆகிவிடும். "நன்றி, கிடைத்தது" என்று இரண்டு சொல் எழுதினாலும் அரை எம்பி போய்க்கொண்டிருந்தது.

1995 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பில், கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணையத்தில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்று அந்தக் காரணம் போய்விட்டது. நான்கு வரி மட்டும் இன்னும் நல்ல அளவாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

தைத்த லேபிளும் தைக்காத லேபிளும்

முதலாளிக்கு இதை விளக்க உட்கார்ந்தபோது தமிழே குறுக்கே வந்தது. "படத்தை இணைப்பாக அனுப்பக் கூடாது அண்ணா, இணைப்பாகக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். கோப்பை மெயிலோடு சேர்ப்பதற்கும் இணைப்பு என்கிறோம், வலைத்தள முகவரிக்கும் இணைப்பு என்கிறோம். அன்றிலிருந்து ஒன்றுக்கு அட்டாச்மென்ட், மற்றதற்கு லிங்க் என்று வைத்துக்கொண்டோம்.

மெயிலோடு கோப்பு போவதற்கு வழி செய்தது மைம் என்ற ஏற்பாடு. நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் அதை எழுதினார்கள், 1992 ஜூனில் வெளியானது. அதற்கு முன்பே, மார்ச் 11 அன்று, போரன்ஸ்டைன் ஒரு மெயிலில் தாம் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் சேர்த்து அனுப்பிப் பார்த்துவிட்டார். பல துண்டுகளை ஒரே மெயிலில் கட்டுவதுதான் மைமின் வேலை. கட்டும் விதத்தில் இரண்டு நமக்கு முக்கியம். 'மல்டிபார்ட் மிக்ஸ்டு' என்பது, இதோ கடிதம், இதோ தனியே சில கோப்புகள் என்று கட்டுவது. 'மல்டிபார்ட் ரிலேட்டட்' என்பது, இந்தப் படங்கள் இந்தக் கடிதத்தின் உறுப்புகள், தனியே பார்க்க வேண்டாம் என்று கட்டுவது. இரண்டாவதில் ஒவ்வொரு படத்துக்கும் கன்டென்ட்-ஐடி என்ற அடையாள எண் உண்டு. கடிதத்துக்குள் படம் வர வேண்டிய இடத்தில் 'சிஐடி' என்று போட்டு அந்த எண்ணைக் குறித்திருப்பார்கள்.

முதலாளிக்கு நான் சொன்னது இப்படி. "அண்ணா, பனியனின் கழுத்தில் தைத்த லேபிள் மாதிரி படம் மெயிலில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. லேபிளைத் தைக்காமல் பையில் போட்டு, 'இதைக் கழுத்தில் தைத்துக்கொள்ளவும்' என்று சீட்டு வைத்து அனுப்புகிறோம். தைப்பது அந்தப் பக்கத்துத் தையல்காரர். அவர் சீட்டைப் படித்தால் லேபிள் கழுத்தில் இருக்கும். படிக்காவிட்டால் பையில் உதிரியாகக் கிடக்கும்."

அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஜெர்மனிக்காரரின் தையல்காரர் சீட்டைப் படிக்கவில்லை."

அதேதான். அவுட்லுக்கும் ஜிமெயிலும் சீட்டைப் படிக்கின்றன. படத்தை உரிய இடத்தில் வைத்துவிட்டு, அட்டாச்மென்ட் பட்டியலில் காட்டாமல் மறைக்கின்றன. மெயிலை எண் போட்டு அடுக்கும் மென்பொருள்களில் பல அப்படிச் செய்வதில்லை. கோப்புப் பெயர் உள்ள எதைக் கண்டாலும் அட்டாச்மென்ட் என்று எழுதிக்கொள்கின்றன. நம் திரையில் கிளிப் குறி இல்லை என்பதால் எதிர்ப்பக்கத்திலும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வழக்கில் எல்லோரும் தடுமாறிய இடம் இதுதான்.

எக்செல் கோப்பு ஏன் கடைசியில் போனது என்பதற்கும் விடை இதிலேயே இருந்தது. நான் அந்த மெயிலை என் ஜிமெயிலுக்கு வரவழைத்து, 'ஷோ ஒரிஜினல்' மூலம் அதன் உள்ளுருவத்தைத் திறந்து பார்த்தேன். வெளியே மிக்ஸ்டு என்ற பெரிய பொட்டலம். அதற்குள் முதலில் ரிலேட்டட் என்ற சிறு பொட்டலம், அதில் கடிதமும் பதினெட்டுப் படங்களும். அது முடிந்து மூடிய பிறகே எக்செல். அவுட்லுக் பொதுவாக அந்த வரிசையில்தான் கட்டுகிறது. எனவே பட்டியலைப் பொட்டலத்தின் வரிசைப்படி காட்டும் எந்த மென்பொருளிலும் முக்கியமான கோப்பு கடைசியில்தான் நிற்கும். பல ஆயிரம் வரிகளுக்கு, வரிக்கு 76 எழுத்தாக லோகோ ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் தாண்டி எக்செலின் பெயரைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கே சலிப்பு வந்தது.

அலுவலகத்தில் இன்னும் இரண்டு ஓட்டைகள் அகப்பட்டன. இன்வாய்சை வாடிக்கையாளருக்குத் தானாக மெயில் செய்ய யாரோ எழுதிக்கொடுத்திருந்த பிஎச்பி நிரல், லோகோவை நேரடியாக மிக்ஸ்டு பொட்டலத்தில் போட்டிருந்தது. பிஎச்பிமெய்லர் என்ற நிரல் தொகுப்பில் 'ஆட்அட்டாச்மென்ட்', 'ஆட்எம்பெடட்இமேஜ்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. எழுதியவர் முதலாவதைப் போட்டிருந்தார். அந்த மெயிலில் வரும் பிடிஎஃப் இன்வாய்சின் தலையிலேயே லோகோ இருக்கிறது, எதற்கு இன்னொன்று என்று அந்த வரியையே நீக்கிவிட்டேன். மற்றது, கணக்குப் பிரிவில் ஒரு கணினி ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் மெயில் எழுதும்படி அமைந்திருந்தது. அப்படிப் போகும் மெயில் அவுட்லுக் இல்லாத வெளியாரிடம் 'வின்மெயில்.டேட்' என்று எளிதில் திறக்க முடியாத ஒரே கோப்பாகப் போய் நிற்கலாம். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றினேன், ஒரு நிமிட வேலை.

செய்து பார்த்தவை

அளவுப் பட்டியலை அன்று மதியமே கையொப்பம் இல்லாத புது மெயிலில் அனுப்பி, கட்டிங் தொடங்கிவிட்டது. அதன்பிறகு முதலாளி கேட்டது: "லோகோ வேண்டும். ஆனால் அட்டாச்மென்டாகப் போகக் கூடாது. முடியுமா?"

அலுவலகத்தில் கணினி அறிந்த இளைஞர் ஒருவர் உடனே ஒரு யோசனை சொன்னார். படத்தைப் பேஸ்64 எழுத்தாக மாற்றி, எச்டிஎம்எல்லில் படத்தின் முகவரி வரும் இடத்திலேயே கொட்டிவிடலாம். தனிக் கோப்பு இல்லை, எனவே அட்டாச்மென்டும் இல்லை. கேட்க மிக நேர்த்தியான வழி. பிரவுசரில் திறந்து பார்த்தால் லோகோ பளிச்சென்று தெரிந்தது. மெயிலாக அனுப்பினால் ஜிமெயிலில் வெற்றிடம், டெஸ்க்டாப் அவுட்லுக்கில் வெற்றிடம். வலைப்பக்கத்துக்கு இது நல்ல வழி, மெயிலுக்கு இல்லை. அரை மணி நேரத்தில் கைவிட்டோம்.

அடுத்து கூகுள் டிரைவ். லோகோவை அதில் ஏற்றி, பகிர்வு லிங்க் எடுத்துக் கையொப்பத்தில் ஒட்டினார் அதே இளைஞர். பகிர்வு லிங்க் என்பது படத்தின் முகவரி இல்லை, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தின் முகவரி. எனவே ஒன்றும் வரவில்லை. ஜிமெயிலின் கையொப்ப அமைப்பிலேயே டிரைவிலிருந்து படத்தைச் சேர்க்க வழி இருக்கிறது என்று அதைச் செய்தார். அவர் திரையில் லோகோ வந்தது, என் திரையில் வரவில்லை. கோப்பு அவருக்கு மட்டும் திறக்கும்படி பூட்டியிருந்தது. எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகே சரியானது. கையொப்பத்தைச் சோதிப்பவர் தம் கணினியை நம்பவே கூடாது என்பதை அலுவலகம் முழுவதும் அன்று பார்த்தது. ஜிமெயிலையே பயன்படுத்தும் இருவருக்குக் கடைசியில், படத்தை அதே அமைப்பில் 'அப்லோட்' செய்யச் சொன்னேன். கூகுளே அதைத் தன் இடத்தில் வைத்துக்கொண்டு மெயிலில் லிங்க்கை மட்டும் அனுப்புகிறது. கையொப்பம் 10,000 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு வரம்பு.

மற்றவர்கள் அவுட்லுக். அவர்களுக்காக நிறுவனத்தின் வலைத்தளத்திலேயே லோகோவையும் சின்னங்களையும் ஏற்றி, அந்த முகவரிகளைக் கையொப்பத்தில் எழுதினேன். விண்டோசில் பழைய அவுட்லுக்கின் கையொப்பங்கள் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் சிக்னேச்சர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. ஒரே கையொப்பத்துக்கு மூன்று கோப்புகள்: எச்டிஎம்எல் மெயிலுக்கு ஒன்று, ரிச் டெக்ஸ்டுக்கு ஒன்று, வெறும் எழுத்துக்கு ஒன்று. முதல் கோப்பை நோட்பேடில் திறந்து முகவரியை மாற்றினேன். அனுப்பினேன். வந்த மெயிலின் உள்ளுருவத்தைப் பார்த்தால், லோகோ மறுபடியும் இமேஜ்001 என்று உள்ளே உட்கார்ந்திருந்தது!

இதுதான் என்னை அரை நாள் உட்கார வைத்த இடம். அவுட்லுக் அனுப்பும் நேரத்தில் லிங்க்கைப் பார்த்து, போய்ப் படத்தை எடுத்து வந்து, மெயிலுக்குள் வைத்துக் கட்டிவிடுகிறது. உதவி செய்வதாக அதன் நினைப்பு. அவுட்லுக் 2003-இல் இதை நிறுத்த ஒரு டிக் கட்டம் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் அது மறைந்துவிட்டது. இப்போது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். கரன்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆபீஸ், 16.0, அவுட்லுக், ஆப்ஷன்ஸ், மெயில் என்று இறங்கி, 'சென்ட் பிக்சர்ஸ் வித் டாக்குமென்ட்' என்ற பெயரில் ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 0 கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அவுட்லுக்கை மூடித் திறந்து அனுப்பினேன். உள்ளுருவத்தில் கடிதம் மட்டும் இருந்தது, படத்துண்டு ஒன்றும் இல்லை. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் வைத்திருந்த ஒருவருக்கு இதே வேலையைப் படத்தின் பண்புகளில் 'அட்டாச் திஸ் இமேஜ்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முடித்தேன்.

ஒரு கணினியில் மட்டும் மறுநாள் பழைய கையொப்பம் திரும்பி வந்துவிட்டது. பேய் ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-இல் கையொப்பங்களை மெயில்பெட்டியோடு சேர்த்து அவர்கள் சர்வரிலேயே வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. நான் கணினியில் திருத்தியதைச் சர்வரில் இருந்த பழையது மூடிவிட்டது. அங்கே அவுட்லுக்கின் கையொப்ப ஜன்னலுக்குள்ளேயே மாற்ற வேண்டியிருந்தது. புதிய அவுட்லுக்குக்கு மாறுபவர்களுக்கு அந்த ஃபோல்டரே பொருட்டில்லை.

வெறும் பெட்டிகள்

லிங்க்குக்கு மாறியது வெற்றி என்று நினைத்தோம். ஜெர்மனிக்கு ஒரு சோதனை மெயில் போட்டோம். அட்டாச்மென்ட் பட்டியலில் எக்செல் ஒன்றே இருந்தது. சந்தோஷம். ஆனால் இன்னொரு வாங்குபவரின் அலுவலகத்திலிருந்து அவர்கள் திரையின் படம் ஒன்று வந்தது. அவர்கள் டெஸ்க்டாப் அவுட்லுக். பெயருக்குக் கீழே ஐந்து வெற்றுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் படத்தைப் பதிவிறக்க மவுசின் வலது பொத்தானைச் சொடுக்கவும் என்ற எச்சரிக்கை. அட்டாச்மென்டாகப் போனபோதாவது சின்னங்கள் தெரிந்தன. இப்போது ஏதோ மோசடி மெயில் மாதிரி இருந்தது.

வெளியிலிருந்து வரும் படங்களை அவுட்லுக் தானாகக் காட்டுவதில்லை. காரணம் இருக்கிறது. வெளியே இருக்கும் படத்தை ஒருவர் திறந்தால், எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து திறந்தார் என்பது படத்தை வைத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். விளம்பரக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை வைத்து இதைச் செய்கிறார்கள். நம் லோகோவுக்கும் அந்த ஒற்றன் பிக்சலுக்கும் உள்ள வேறுபாடு மென்பொருளுக்குத் தெரியாது. ஜிமெயில் 2013 டிசம்பரில் வேறு வழி எடுத்தது. படத்தைத் தானே போய் எடுத்து, தன் சர்வர் வழியாகக் காட்டுகிறது, எனவே கேட்காமலே காட்ட முடிகிறது. ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த ஏற்பாடும் கிட்டத்தட்ட இதே போக்கு. டெஸ்க்டாப் அவுட்லுக் அலுவலகங்களில்தான் பெட்டி.

ஆக, முதலாளி கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை இதுதான்: படம் மெயிலோடு போனால் சில இடங்களில் அட்டாச்மென்டாகத் தெரியும். மெயிலோடு போகாவிட்டால் சில இடங்களில் தெரியவே தெரியாது. இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக விற்க வருகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வேறு உறையில் போட்டு விற்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில், சர்வரிலேயே எல்லா மெயிலுக்கும் கையொப்பம் குத்தும் விதியும் அப்படித்தான். அதில் 5,000 எழுத்து வரை எழுதலாம், படத்துக்கு லிங்க் கொடுக்கலாம். ஆனால் குத்துவது முழு உரையாடலுக்கும் கடைசியில், உங்கள் பதிலுக்குக் கீழே இல்லை.

நான் முதலாளியிடம் கேட்டேன்: "அண்ணா, யார் உங்கள் மெயிலைப் படிக்கிறார்கள்? நூல்காரரும் சாயப்பட்டறைக்காரருமா, வாங்குபவரா?" வாங்குபவர்தான். அவர்களுக்கு லோகோ தெரியாமல் போனால் ஒன்றும் குடிமுழுகாது, கோப்பு தெரியாமல் போனால் கட்டிங் நிற்கும். அங்கே முடிவு லிங்க்குக்குச் சாய்ந்தது. இனிப் பெட்டிகளை எப்படிக் குறைப்பது என்பதுதான் மிச்சம்.

கடைசியில் நின்றது

சான்றிதழ்ச் சின்னங்கள் நான்கையும் எடுத்துவிட்டோம். இதற்குத்தான் அதிக வாக்குவாதம். "சின்னம் இல்லாவிட்டால் மதிப்பு குறைந்துவிடும்" என்றார் முதலாளி. வாங்குபவர்கள் சான்றிதழை எண்ணோடு கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள், கையொப்பத்தைப் பார்த்து யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை என்று மெர்ச்சண்டைசர்தான் வாதாடி ஜெயித்தார். 'சான்றிதழ்கள்' என்ற ஒரே சொல், அதைச் சொடுக்கினால் வலைத்தளத்தின் சான்றிதழ்ப் பக்கம்.

நிறுவனத்தின் பெயரைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே வைத்தேன். ஒரே கட்டமுள்ள எச்டிஎம்எல் அட்டவணை, பின்னணிக்கு லோகோவின் கருநீலம், அதன்மேல் வெள்ளைத் தடித்த எழுத்து. இது படமே இல்லை, எனவே யாராலும் தடுக்க முடியாது, அட்டாச்மென்டாகவும் ஆகாது. தூரத்திலிருந்து பார்த்தால் லோகோ மாதிரியே இருக்கும். இந்த வழக்கில் நான் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான், இதற்குத்தான் யாரும் பாராட்டவில்லை.

அதற்குப் பக்கத்தில் லோகோவின் உருவம் மட்டும், ஒரே படம். 300 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜியாகச் சேமித்து, 150-இல் காட்டச் சொன்னேன். கோப்பு 9 கேபி. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி வடிவம் நன்றாக இருக்கும் என்று வடிவமைப்பாளர் சொன்னார். ஜிமெயில் அதைக் காட்டாது, டெஸ்க்டாப் அவுட்லுக்கும் காட்டாது. அளவை ஸ்டைலில் மட்டும் எழுதினால் போதாது. விண்டோசின் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து மெயிலை வேர்டின் பொறியை வைத்துத்தான் காட்டுகிறது. அதற்கு அகலம், உயரம் இரண்டையும் படக் குறியிலேயே எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில திரைகளில் லோகோ பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிடும். படம் தடுக்கப்படும் இடத்தில் பெட்டிக்குள் வரும் மாற்று உரையாக நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தேன்.

முதலாளியின் மகன் தன் ஃபோனில் பார்த்துவிட்டு, "லோகோவில் பாதியைக் காணவில்லை" என்றார். டார்க் மோட். பின்னணி இல்லாத படத்தில் இருந்த கறுப்புக் கோடுகள் கறுப்புத் திரையில் கரைந்துவிட்டன. உருவத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு வரைந்து மறுபடி ஏற்றினேன். அதே முகவரி, அதே பெயர் என்பதால் யாருடைய கையொப்பத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை. லிங்க்கின் சௌகரியம் இது. ஆபத்தும் இதுவே. வலைத்தளத்தைப் புதுப்பிக்கிறவர் அந்தக் கோப்பை அழித்தால், இதுவரை அனுப்பிய எல்லா மெயிலிலும் லோகோ உடைந்துவிடும். அதனால் அதைத் தனி ஃபோல்டரில் வைத்து, 'அழிக்காதீர்கள்' என்பதையே ஃபோல்டரின் பெயராக வைத்துவிட்டேன்.

பதில் எழுதும்போது லோகோவே வேண்டாம். அவுட்லுக்கில் புதிய மெயிலுக்கு ஒரு கையொப்பமும், பதிலுக்கும் ஃபார்வர்டுக்கும் இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு இரண்டு வரி: பெயர், தொலைபேசி எண். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்திருந்தால்கூட எண்ணிக்கை பதினெட்டுக்கு ஏறியிருக்காது.

முதலாளியின் ஐபோன்தான் கடைசிவரை வம்பு செய்தது. வடிவமைத்த கையொப்பத்தை நகல் எடுத்து அங்கே ஒட்டினால் நிறமும் அமைப்பும் போய்விடுகின்றன. ஒட்டிய உடனே ஃபோனைக் குலுக்கி, 'அன்டூ' என்று வருவதை அழுத்தினால் திரும்பிவிடும். இது எங்கேயோ பலர் கண்டுபிடித்துப் பரவிய வித்தை. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் மேசைக்குப் பின்னால் நின்று ஃபோனைச் சாம்பிராணிக் கரண்டி மாதிரி ஆட்டியதை அலுவலகம் ரசித்தது. இரண்டு முறை வேலை செய்தது, மூன்றாவது முறை செய்யவில்லை. கடைசியில் அவர் ஃபோனில் வெறும் எழுத்தாக மூன்று வரி மட்டும் வைத்தோம்.

சோதனைக்கு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கையொப்பம் மாற்றிய ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு சிறிய எக்செலைச் சேர்த்து, ஜிமெயில், அவுட்லுக், ஃபோன் மூன்றுக்கும் அனுப்பச் சொல்வேன். மெயிலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்ளுருவத்தைத் திறந்து 'ஃபைல்நேம்' என்ற சொல் எத்தனை கோப்புகளுக்கு வருகிறது என்று பார்ப்பேன். எக்செல் ஒன்றுக்கு மட்டும் வர வேண்டும். அந்த அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் அப்படி வர நான்கு நாள் ஆனது.

தீராத ஒன்றும் இருக்கிறது. பழைய உரையாடல்களுக்குப் பதில் போடும்போது, கீழே தொங்கும் பழைய கையொப்பங்களிலிருந்து பழைய படங்கள் இன்னும் கூடவே போகின்றன. அளவுப் பட்டியல், பேக்கிங் லிஸ்ட் போன்றவற்றைப் பழைய மெயிலுக்குப் பதிலாக அனுப்பாமல், ஆர்டர் எண்ணைத் தலைப்பில் போட்டுப் புதிய மெயிலாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

போன வாரம் வேறு வேலையாக அங்கே போயிருந்தபோது மெர்ச்சண்டைசர் என்னை அழைத்து ஒரு மெயிலைக் காட்டினார். ஜெர்மனிக்காரரிடமிருந்து வந்தது, அடுத்த ஸ்டைலுக்கான கருத்துகள். மேலே மூன்று அட்டாச்மென்டுகள். ஒன்று பிடிஎஃப். மற்ற இரண்டையும் திறந்தார். முதலாவது அவர்கள் நிறுவனத்தின் லோகோ. இரண்டாவது, அச்சிடும் முன் யோசியுங்கள் என்று சொல்லும் ஒரு சின்னப் பச்சை மரம்.